நவம்பரிலிருந்து தொடங்கினால்

நாற்பத்தெட்டுச் சீட்டு.
தீப்பெட்டி அளவுதான், ஆனால் கெட்டி.
கலைக்கும்போது சரசரக்காது,
குளிரில் பல் கிட்டுவதுபோலக் கடகடக்கும்.

எண் கிடையாது. பூவைப் பார்த்துத்தான் மாதம்.
பைன் ஜனவரி. பிளம் பிப்ரவரி.
ஜூலையில் புதரோரம் ஒரு காட்டுப்பன்றி,
ஆகஸ்டில் மொட்டைக் குன்றின்மேல் நிலா.
மற்றதெல்லாம் ஆடஆடப் பிடிபடும்.
எனக்கு விஸ்டீரியாவும் புதர்க்கிளையும்
இன்றுவரை குழம்பும்.

நன்றாகக் கலைத்துக் குப்புற வை,
நான்கு நான்காய்ப் பன்னிரண்டு கட்டு,
மேலே ஆறு, கீழே ஆறு.
எங்கள் பணிமனை மேசை அதற்குத்தான் போதும்;
தேநீர்க் குவளை தரைக்குப் போக வேண்டும்.

ஒரு கட்டைத் தேர்ந்தெடு. மேல்சீட்டைத் திருப்பு.
செவ்வந்தியா? அது செப்டம்பர் வீட்டுப் பிள்ளை.
கொண்டுபோய் வாசலில் முகம் தெரிய விடு,
அந்த வீட்டிலிருந்து ஒன்றைக் கிளப்பு.
மேப்பிளா? அக்டோபருக்கு நட.
இப்படியே வீடு வீடாய்.
போன வீட்டில் கிளப்ப ஆளில்லை என்றால்
ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அது எப்போதும் நீ புறப்பட்ட வீடாகத்தான் இருக்கும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
இரண்டு குளிர்காலம் பிடித்தது.
முதலில் ஒன்றை உருவிய வீட்டுக்கு
எப்போதும் ஒரு சீட்டுக் கடன்.
நாற்பத்தெட்டும் நிமிர்ந்துவிட்டால் வெற்றி.
பன்னிரண்டு ஆட்டத்துக்கு ஒன்று என்று கணக்கு,
தொக்கமாச்சிப் பனிக்குக் கணக்குத் தெரியாது.

நான் நவம்பரிலிருந்துதான் தொடங்குவேன்.
மழை மாதம். மற்ற மாதங்கள்
அண்ணன் தம்பிபோல ஒரே ஜாடை;
இந்த வீட்டில் நாலும் நாலு திசை.
குடை பிடித்த ஒருவர், காலடியில் தவளை.
ஒரு தகைவிலான் குருவி. ஒரு சிவப்புத் துண்டு.
நான்காவது, இடி.
அந்த இடிச்சீட்டு பனிவாரி வண்டியின்
இருக்கை இடுக்கில் விழுந்து நாலு வருடம்.
டப்பாவோடு வந்த வெற்று வெள்ளைச் சீட்டு
அதற்குப் பதிலாள். யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று இரவு இரண்டேகாலுக்கு
ஜன்னல் அதிர ஒரு முழக்கம்.
பனியை எழுப்பும் இடி என்போம் இதை.
பத்து சென்டிமீட்டர் விழுந்தால் அழைப்பு வரும்.
நாற்பத்தொன்று நிமிர்ந்திருந்தது,
ஏழு குப்புற. வெள்ளை இன்னும் வரவில்லை.
இத்தனை தூரம் இந்த வருடம் வந்ததே இல்லை.
கையில் ஒரு பியோனி. ஜூன் வீட்டு வாசலில் நான்.
தொலைபேசி.

கமிமுரா அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.
நான் போய் ஆற்றோரச் சாலையை வாரினேன்,
பள்ளிக்கூடச் சரிவை வாரினேன்,
வாரிய இடத்தில் மறுபடி விழுந்தது,
மறுபடி வாரினேன்.

திரும்பும்போது விடிந்திருந்தது.
மேசை துடைத்திருந்தது. டப்பாவுக்கு ரப்பர் பேண்டு.
"மீதியைத் திருப்பிப் பார்த்துட்டேன்," என்றார்,
"கடைசியில் ஒண்ணு, ஒண்ணுமே அச்சடிக்காமல்.
கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்."

எந்த வரிசையில் திருப்பினீர்கள் என்று கேட்டேன்.
"வரிசையா?" என்றார்.
அடுப்புக்குள் ஒரு கட்டை சரிந்தது.

பணிப்பதிவேட்டில் எழுதினேன்: இருபத்துமூன்று சென்டிமீட்டர்.
கடைசிப் பக்கத்தில், ஜெயித்த ஆட்டங்களுக்கு
வட்டம் போடும் இடத்தில்
பாதி வட்டம் வந்தது.
பேனா உறைந்திருந்தது. உதறிப் பார்த்தேன்,
ஊதிப் பார்த்தேன்,
பிறகு மூடி வைத்துவிட்டேன்.